பல்லு மெக்கானிக்கும் என் பத்து விரல்களும்

இன்ஜினைக் கண்ணால் பார்க்கிற மெக்கானிக் உண்டு, காதால் கேட்கிற மெக்கானிக் உண்டு. பல்லால் கேட்கிற மெக்கானிக் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான், அவரும் சாத்தூரில்தான் இருக்கிறார். இதை மறுத்து யாராவது கடிதம் போட்டால் பதில் கடிதம் எழுத மாட்டேன், நேரில் சண்டைக்கு வருவேன்.

ஊரில் அவருக்குப் பெயர் 'பல்லு'. முகத்துக்கு நேரே சொல்வதென்றால் 'பல்லண்ணே'. நாற்கரச் சாலையை ஒட்டி ஒரு வேப்பமரம், நாலு தகரம், ஒரு மர ஸ்டூல், அவ்வளவுதான் பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. யாரிடம் கேட்டாலும் கையைக் காட்டிவிடுவார்கள்.

அவரிடம் முழ நீளத்துக்கு ஒரு திருப்புளி இருக்கிறது, மரப்பிடி போட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, திருப்புளி நுனியை இன்ஜின் மேல் ஊன்றுவார். மரப்பிடியைக் கடைவாயில் கடித்துக்கொள்வார். இரண்டு காதையும் இரண்டு விரலால் அடைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அதற்கப்புறம் நாம் கூப்பிட்டாலும் அவர் இல்லை, நாலு பேர் சேர்ந்து உலுக்கினாலும் அவர் இல்லை. ஒரு முறை மாடு வந்து அவர் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை மென்றுகொண்டிருந்தது, மனிதர் அசையவில்லை.

"ஏண்ணே, எல்லாரும் திருப்புளியக் காதுலதான வைக்காக?" என்று ஒருவர் கேட்டார்.

"காதுக்கு லாரி ஹாரனும் கேக்கும், அடுத்த வீட்டுச் சண்டையும் கேக்கும். பல்லுக்கு இன்ஜின் மட்டுந்தான் கேக்கும். உங்களுக்கு எது ரிப்பேரு? வண்டியா, சண்டையா?"

இந்தப் பெயரால் வந்த கூத்துகளும் உண்டு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கன்னம் வீங்கிய ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி, பல் வைத்தியம் பார்க்கிற இடம் எது என்று கேட்டிருக்கிறார். எந்தப் புண்ணியவானோ இங்கே அனுப்பிவிட்டான். வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஆவென்று வாயைத் திறந்தார். இன்னொரு மெக்கானிக்காக இருந்தால் விரட்டியிருப்பார். பல்லண்ணே டார்ச் அடித்துப் பார்த்து, திருப்புளியின் மரப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டி, நாலாவது பல்லில் வந்தவர் 'ஐயோ' என்று எழுந்து நின்றதும், "இந்தா, இதுதான் லூசு. கழட்டிப் போட்டுருங்க" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு வழியும் காட்டினார். பின்னால் அங்கேயும் அதே பல்லைத்தான் பிடுங்கினார்களாம்.

ஆனால் அவரும் ஒரு முறை சறுக்கியிருக்கிறார். அதையும் சொல்லாவிட்டால் நான் பாரபட்சம் பார்க்கிறேன் என்று ஆகிவிடும். ஒரு தலைமையாசிரியரின் வண்டி வந்தது. பல்லண்ணே கடித்தார், கண்ணை மூடினார், முகம் கறுத்துப் போனது. "சார், உள்ளுக்குள்ள பேரிங் நொறுங்குது. நறநறன்னு தெளிவாக் கேக்கு" என்றார். அன்று முழுக்க இன்ஜினை இறக்கிச் சாக்கில் பரப்பிப் போட்டுத் தேடினார். பேரிங் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. தலைமையாசிரியர் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பல்லண்ணே வாய் கொப்பளித்தபோது கடைவாயிலிருந்து ஒரு துண்டுக் காரச்சேவு வந்து விழுந்தது.

சாத்தூரில் பிறந்துவிட்டுக் காரச்சேவைத் துறப்பது லேசுப்பட்ட காரியமா? துறந்தார். வேலை முடிகிற வரைக்கும் வாயில் ஒரு துணுக்குச் சேவு படாது. வண்டி வந்து நின்றால் முதலில் செம்புத் தண்ணீரை எடுத்து மூன்று தரம் கொப்பளிப்பார்.

விருதுநகரில் ஒரு பல் டாக்டர் அவரிடம், இடது கடைவாய்ப் பல் சொத்தை, எடுத்துவிடலாம் என்றிருக்கிறார். "அது மட்டும் முடியாது டாக்டர். டைமிங் செயின் சத்தம் எனக்கு அதுலதான் விழும். வேணும்னா வலது பக்கம் ஒண்ணு எடுத்துக்கிடுங்க" என்று இவர் பேரம் பேசியிருக்கிறார். கடைசியில் டாக்டரின் ஸ்கூட்டரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு எல்லாப் பல்லோடும் ஊர் வந்து சேர்ந்தார்.

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்காரரை அந்த ஸ்டூலில் உட்கார்த்தி விசாரிப்பார். அது ஒரு கொடுமை. "வண்டி அதிருதுன்னு சொல்லாதீக. உங்களுக்கு எங்கன அதிருதுன்னு சொல்லுங்க. உள்ளங்கால்ல கூசுதா, தொடையில கூசுதா, விரல்ல கூசுதா?" ஒவ்வொரு இடத்துக்கும் அவரிடம் ஒரு கணக்கு உண்டு. ஒரு பேங்க் மேனேஜரிடம், பஸ்ஸுக்கு நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "சீட்டுல உக்காந்தா வலது பக்கம் கூசுதா, இடது பக்கமா, இல்ல நட்டநடுவுலயா?" என்று கேட்டுவிட்டார். அந்த மேனேஜர் ஒரு வாரம் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார்.

இனி என் கதை. நான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். நான் பரீட்சை எழுதி, போர்மேன் சர்டிபிகேட் வாங்கி, அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். வெடிமருந்து கலக்கிற மருந்து அறை என் பொறுப்பு. மருந்தைச் சலிப்பதும் கலப்பதும் காலையில் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். உள்ளே இரண்டே பேர், நானும் மாடசாமியும். செருப்பு கிடையாது, செல்போன் கிடையாது, கையில் மோதிரம் கிடையாது. உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்க, செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவோம்.

ஆட்களை ஏற்றிவர வேன் உண்டு. ஆனால் வேன் வருவதற்குள் போர்மேன் அங்கே இருக்க வேண்டும். அதனால் நான் சாத்தூரிலிருந்து என் வண்டியில்தான் போவேன், இருபது கிலோமீட்டருக்கு மேல். ஓய்வு பெற்ற ஒரு போஸ்ட்மாஸ்டரிடம் வாங்கிய பழைய வண்டி. அவர் அதில் போனதைவிட அதைத் துடைத்த நேரம் அதிகம் என்பார்கள்.

போன சீசன் சூடு பிடித்த நேரத்தில் என் விரல்கள் மரத்துப் போக ஆரம்பித்தன. முதலில் சுண்டு விரல், அப்புறம் மோதிர விரல், அப்புறம் உள்ளங்கை முழுக்க. காலையில் கம்பெனியில் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குக் கை என்னுடையது மாதிரியே இருக்காது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அது நான் செய்த முதல் தப்பு.

ஒரு நாள் மருந்து அறையில் சல்லடை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. நல்லவேளை, வெறும் சல்லடை, மருந்து இன்னும் உள்ளே வரவில்லை, கீழே ரப்பர் விரிப்பு. ஒன்றும் ஆகவில்லை. திரும்பிப் பார்த்தால் மாடசாமியைக் காணோம். அறையை விட்டு, வேலியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி ஓடிய மனிதர், மத்தியானம் ஏதோ ஒரு டீக்கடையிலிருந்து ஆபீசுக்குப் போன் போட்டு, "போர்மேன் உசுரோட இருக்காரா?" என்று விசாரித்தார். "இருக்காரு, நீ வா" என்று சொன்ன பிறகும் மறுநாள்தான் வந்தார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். "வாற திங்கக்கெழமை வரைக்கும் பேக்கிங் பக்கம் நில்லுங்க. திங்கக்கெழமை காலையில கையப் பாப்போம். சரியா இருந்தா உங்க ரூமு உங்களுக்கு. இல்லைன்னா நான் வேற போர்மேன் பாக்கணும். தப்பா நெனைக்காதீக."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். விரலில் உணர்ச்சி இல்லாதவன் மருந்து அறைக்குள் போனால் அவன் உயிரோடு முடிகிற விஷயமா அது? மாடசாமிக்கு மூன்று பிள்ளைகள். அடுத்த அறையில் திரி வெட்டுகிற பெண்கள் ஆறு பேர். போர்மேன் வேலை போகுமே என்ற கவலை ஒரு பக்கம், இத்தனை வருஷ மருந்து நரம்புக்குள் இறங்கிவிட்டது, கை இனி அவ்வளவுதான் என்ற பயம் ஒரு பக்கம்.

என் மனைவி சரசுவிடம் அன்று ராத்திரி சொல்லிவிட்டேன். அவள் முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் வாய்வாக இருக்கும் என்று ஒரு படி பூண்டை உரித்துப் போட்டுக் குழம்பு வைத்தாள். மறுநாள் என்னை லீவு போட வைத்து, பஸ் ஏற்றி விருதுநகருக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் ஊசியால் குத்தினார், சுத்தியலால் தட்டினார். "உங்க கை என் கைய விட நல்லா இருக்கு" என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் பெரிய வியாதி போல என்று நான் இன்னும் கலங்கினேன்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வரும்போது கிளட்சைப் பிடிக்கவே விரல் வரவில்லை. நேரே பல்லண்ணே பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, கிளட்ச் இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் இளக்கிக் கொடுங்கள் என்று சொன்னேன். அவர் கிளட்சை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். அது வெண்ணெய் மாதிரி வந்தது. என்னைப் பார்த்தார். ஸ்டூலைக் காட்டினார்.

"உக்காருங்க போர்மேன். எந்த விரலு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிண்ணே தெரியும்?"

"டீ கிளாச ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கீக, சின்னப் பிள்ள மாதிரி. எந்த விரலு?"

சொன்னேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மருந்து, நரம்பு, மேனேஜர், திங்கட்கிழமை. அவர் செம்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கொப்பளிக்க மறந்து கேட்டார்.

"காலையில மரக்குது. சாயங்காலம்?"

"இப்பவும் மரத்துதான் இருக்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போனப்ப?"

"அப்ப நல்லா இருந்துச்சு. அதான் டாக்டருக்குப் பிடிபடல."

"எதுல போனீக?"

"பஸ்சுல."

"ஞாயித்துக்கெழமை?"

யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை கை சுகமாகத்தான் இருந்தது. சரசுவுக்குத் தேங்காய் கூடத் திருகிக் கொடுத்தேன்.

"ஏன் போர்மேன், ஞாயித்துக்கெழமை கம்பெனிக்கு லீவு சரி. வியாதிக்குமா லீவு விட்டிருக்காக?"

கொப்பளித்துத் துப்பினார். "வண்டிய எடுங்க" என்று சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டார்.

சர்வீஸ் ரோட்டில் போனோம். கண்ணை மூடிக்கொண்டு, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, காதுக்குள் உத்தரவு போட்டார். எதிரே வந்த ஆட்டுக்காரர் எங்களைப் பார்த்து ஆடுகளை ஓரம் கட்டினார். "அம்பதுல போங்க. கூசுதா?" "கூசுதுண்ணே." "இப்பக் கிளட்சப் பிடிச்சு ஆக்சிலேட்டர விட்டுருங்க." விட்டேன். வண்டி அதே வேகத்தில் உருண்டது, கையில் இருந்த கூச்சம் நின்றுவிட்டது. "பாத்தீகளா? சக்கரம் சுத்துது, செயின் சுத்துது, கூச்சத்தக் காணோம். அப்ப சக்கரத்து மேல குத்தமில்ல. இன்ஜின் உறுமுனாத்தான் வருது. திருப்புங்க வண்டிய."

பட்டறைக்கு வந்து வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுத் திருப்புளியைக் கடித்தார். இன்ஜின் தலையில் வைத்துக் கேட்டார், வயிற்றில் வைத்துக் கேட்டார். முகத்தில் சாந்தம். அப்புறம் திருப்புளியை வண்டியின் பிரேம் மேல் வைத்தார். வைத்த வேகத்தில் உதறி எடுத்துவிட்டார்.

"நீங்க கடிங்க" என்றார்.

"நானாண்ணே?"

"உங்க வண்டிதான? கடிங்க. நான் இன்னைக்குச் சேவு திங்கல, சுத்தமாத்தான் இருக்கு."

கடித்தேன். இன்ஜின் மேல் வைத்தபோது மண்டைக்குள் ஒரே சீராகத் தையல் மிஷின் ஓடுகிற சத்தம். பிரேமில் வைத்ததும் என் மொத்தத் தாடையும் தடதடவென்று ஆடியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்ஜின் நல்ல பிள்ளையா இருக்கு. பிரேமும் முறியல. ரெண்டுக்கும் நடுவுல எவனோ கலகம் மூட்டுதான்" என்று சொல்லிக் கீழே குனிந்தார். இன்ஜினைப் பிரேமோடு பிடித்திருக்கிற போல்ட்டில் ஸ்பேனரை வைக்கப் போனார். ஸ்பேனரே தேவைப்படவில்லை. நட்டு விரலாலேயே சுழன்று வந்தது. அதற்குள்ளிருந்து வட்டமாக, பழுப்பாக, எண்ணெய் ஊறிக் கூழாகிப் போன ஒரு வஸ்துவை நிமிண்டி எடுத்தார். அடுத்த போல்ட்டிலும் அதே. கடைசிப் போல்ட்டில் இருந்தது மட்டும் கொஞ்சம் உருப்படியாக இருந்தது. அதில் பச்சை நிறத்தில் ஒரு கிளியின் வால் தெரிந்தது.

"போர்மேன், இது என்னது?"

அது எங்கள் கம்பெனி வெடிப் பெட்டி அட்டை.

"யாரு வச்சா?"

"நான்தாண்ணே."

கோடையில் வண்டிக்குக் கீழே கிரீச் கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. போல்ட்டும் பிரேமும் உரசுகிற சத்தம். உங்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு இருபது வருஷமாகக் கற்றுக்கொடுத்திருப்பது ஒன்றே ஒன்று: இரும்பும் இரும்பும் உரசக் கூடாது. வண்டியில் மருந்து இல்லை என்று மூளைக்குத் தெரியும், முதுகுத் தண்டுக்குத் தெரியாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரசுவின் கத்தரியை எடுத்து அட்டையை வட்ட வட்டமாக வெட்டி, இருந்த இரும்பு வாஷரையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் மெத்தை போட்டேன். பித்தளை ஸ்பேனர் ஒன்று என்னிடம் உண்டு, அதால் நோகாமல் முடுக்கினேன். நட்டு போய்த் தொட்டதும் நிறுத்திவிட்டேன். எங்கள் வேலையில் எதையும் அழுத்தித் திருகுகிறவன் ஆளே சரியில்லை என்று அர்த்தம். கிரீச் நின்றது. அதைப் பற்றி நான் சரசுவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அந்த அட்டை கூழாகி நட்டுத் தளர்ந்ததில், இன்ஜின் அதிர்வெல்லாம் பிரேம் வழியாக என் விரலுக்கு வந்திருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பல்லண்ணே சிரித்தார் பாருங்கள். உட்கார்ந்து சிரித்தார், வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அந்தச் சொத்தைப் பல் வரைக்கும் எனக்குத் தெரிந்தது. "ஏலே, அட்டையில வாஷர் போட்டிருக்காகலே!" என்று பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "உங்க கம்பெனில வேட்டியக்கூட லூசாத்தான் கட்டுவீகளோ போர்மேன்?"

புது வாஷர் போட்டார். பெரிய இரும்பு ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். "நீங்கதான கெடுத்தீக, நீங்களே முடுக்குங்க."

முடுக்கினேன். நட்டு போய்த் தொட்டது. என் கை நின்றது.

"இன்னும்."

கொஞ்சம் அழுத்தினேன். இரும்பு 'க்ரிக்' என்றது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு மூன்றடி பின்னால் பாய்ந்து, டீக் கிளாஸைத் தட்டிவிட்டு, ஸ்டூலோடு விழுந்தேன். பஞ்சர் கடைக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பல்லண்ணே மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி உட்கார்த்தினார். ஸ்பேனரை என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

"வேணாம் போர்மேன். இந்தக் கை இப்படியே இருக்கட்டும். இந்தப் பயம் இருக்கப் போயித்தான் அங்கன அம்புட்டுப் பேரும் வீட்டுக்கு வாராக. முடுக்குத வேலைய நான் பாத்துக்கிடுதேன். இனி இந்த வண்டில ஒரு நட்டு நீங்க தொட்டாலும் கைய ஒடிச்சுப்புடுவேன்."

அவரே முடுக்கினார். விரல் முழுக்கத் தெளிய இரண்டு நாளாவது ஆகும், நாளைக்கு வேனில் போங்கள், திங்கட்கிழமைக்குத்தான் வண்டியைத் தொட வேண்டும் என்று சொன்னார். என் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை வண்டியில் போனேன். கம்பெனி வரை கையை அடிக்கடி மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். மரக்கவில்லை. மேனேஜர் ஒரு கட்டுத் திரியை என் முன்னால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு திரியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இன்னொரு தரம் சொன்னார். எடுத்தேன். விரல் நுனியில் அந்தத் திரியின் சொரசொரப்புப் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன். "உள்ள போங்க" என்றார் மேனேஜர். மாடசாமி மட்டும் அன்று முழுக்க ஒரு காலை வாசலுக்கு வெளியிலேயே வைத்திருந்தார்.

கலவை முடிந்து ஒன்பது மணிக்கு வெளியே வந்து, வாட்ச்மேன் பெட்டியிலிருந்து போனை எடுத்தேன். ஒரு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன்.

"கை இருக்கா?" என்றது பல்லண்ணே குரல்.

"இருக்குண்ணே. ரூமு கெடச்சிருச்சு."

"சரி" என்று வைத்துவிட்டார்.

மறுநாளும் ஒன்பது மணிக்கு மிஸ்டு கால். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. பேச்செல்லாம் கிடையாது. அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், நான் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அவர் காலைச் சாப்பாட்டுக்குப் போவார் என்று பஞ்சர் கடைக்காரர் சொன்னார். "யாரு இது, தெனமும் ஒம்பது மணிக்கு?" என்று சரசு போனை வாங்கிப் பார்த்தாள். 'பல்லு' என்று இருந்ததைப் பார்த்து, எனக்குப் பல்லிலும் வியாதி வந்துவிட்டதோ என்று அதற்கு வேறு பூண்டு உரிக்கப் போனாள்.

சீசன் முடிந்து ஒரு நாள், என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த இருக்கன்குடி கோவிலுக்குப் போனோம். கம்பெனிக்கு முறையாக லீவு சொல்லிவிட்டேன். பல்லண்ணேயிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. போன் சரசுவின் பைக்குள், தேங்காய் பழத்துக்கு அடியில் கிடந்தது. ஆற்று மணலில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தோம்.

பதினோரு மணி இருக்கும். மணலில் விழுந்தடித்துக்கொண்டு ஒருவர் ஓடி வருகிறார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருக்கிறது, முழங்கை வரைக்கும் கிரீஸ். பல்லண்ணே. வந்த வேகத்தில் என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு விரல்களை எண்ணினார். பத்து வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். அப்புறம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு மிஸ்டு கால் போட்டிருக்கிறார், பதில் இல்லை. ஏழெட்டுத் தரம் கூப்பிட்டிருக்கிறார். ரிப்பேருக்கு வந்திருந்த யாருடைய வண்டியையோ, சீட்டுக்கூட மாட்டாமல், டேங்க் மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு ஏழாயிரம்பண்ணைக்குப் போய்விட்டார். வாட்ச்மேன், "போர்மேன் இன்னைக்கு லீவு, இருக்கன்குடிக்குப் போயிருக்காரு" என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

"அதான் சொன்னாருல்ல, பெறகு எதுக்குண்ணே இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை முறைத்தார். "வெவரந் தெரியாமப் பேசுதீக. நம்ம பக்கத்துல கம்பெனி வெடிச்ச அன்னைக்கு எந்தக் கேட்டுல போயி நின்னாலும், மொத மொதல்ல 'ஆளு இன்னைக்கு வேலைக்கே வரல'ன்னுதான சொல்லுவாக?"

சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படிச் சொல்லப்பட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

அப்புறம் சரசு இலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். தின்றுகொண்டே என்னைத் திட்டினார், திட்டிக்கொண்டே இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார், மொட்டைத் தலையோடு அழுத என் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். குழந்தையின் புதுப்பாவாடை முழுக்கக் கிரீஸ் ஆனது, சரசு அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

அடுத்த வாரம் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு பதிவேடு உண்டு. என் பெயருக்கு நேரே சரசுவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பெயரை எழுதச் சொல்லிப் போன் நம்பரையும் கொடுத்தேன். பல்லண்ணேயின் நிஜப் பெயரை அவரிடம் கெஞ்சித்தான் வாங்கினேன், இந்தக் கதையில் எழுதக் கூடாது என்று கட்டளை.

கிளார்க் எழுதிவிட்டு, "இவரு உங்களுக்கு என்ன வேணும் போர்மேன்?" என்று கேட்டார்.

"கூடப் பொறந்த அண்ணன்" என்று சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்.